எடையும் எண்ணிக்கையும்

(கடல் ஞாயிறையொட்டி வானொலியில் ஒலிபரப்பான அருளுரை)



ஜூலை மாதத்தின் இரண்டாம் ஞாயிறைத் திருஅவை கடல் ஞாயிறாகக் கொண்டாடுகிறது. கப்பல் தொழிலாளர்களுக்காக 1920-ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் தொடங்கிய பணி, இன்று ஸ்டெல்லா மாரிஸ், அதாவது கடலின் விண்மீன் என்ற அன்னை மரியாவின் பெயரால் உலகத் துறைமுகங்களில் நடந்துகொண்டிருக்கிறது. "நம் புதுக்கோட்டைச் சீமைக்கும் கப்பலுக்கும் என்ன சாமி சம்பந்தம்?" என்று நீங்கள் கேட்கலாம். மணமேல்குடியிலும் கோட்டைப்பட்டினத்திலும் ஜெகதாப்பட்டினத்திலும் இருப்பவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள். கண்மாய்த் தண்ணீரைத் தவிர வேறு தண்ணீர் பார்க்காத உள்நாட்டு ஊர்களிலிருந்தும் இப்போது பிள்ளைகள் ஜி.பி. ரேட்டிங் படித்துவிட்டுக் கப்பலுக்குப் போகிறார்கள். அவர்களுடைய அம்மாக்கள் இந்த வானொலியைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்த நாள்களில் மீன்வளத்துறை அதிகாரிகள் வந்து விசைப்படகுகளை ஆய்வு செய்வார்கள். அதற்கு முன்பே படகு கரையேறும், பலகை மாற்றப்படும், வண்ணம் பூசப்படும், பதிவெண் புதிதாக எழுதப்படும். பெரிய கப்பல்களுக்கும் இப்படி ஆய்வு உண்டு. 1912-இல் டைட்டானிக் மூழ்கிய பிறகு, கடலில் உயிர்களைக் காக்கவென்று நாடுகள் கூடி ஓர் ஒப்பந்தம் செய்தன. சோலாஸ் என்பது அதன் பெயர். இப்போது நடைமுறையில் இருப்பது 1974-ஆம் ஆண்டு வடிவம். அதன்படி சர்வேயர் வந்து பார்க்கும் இடங்கள் எத்தனையோ உண்டு. இன்று ஒரே ஓர் அறையைப் பற்றி மட்டும் பேசப்போகிறேன். கப்பலில் அது பெரும்பாலும் பூட்டியே இருக்கும். அந்த அறை பயன்படாமலே கப்பல் தன் ஆயுளை முடிக்க வேண்டும் என்பதுதான் எல்லாருடைய மன்றாட்டும்.

அந்த அறையில் இரும்புச் சிலிண்டர்கள் வரிசை வரிசையாக நிற்கும். உள்ளே இருப்பது கரியமில வாயு. நாம் குடிக்கிற கோலி சோடாவில் பொங்குகிற அதே வாயுதான். எஞ்சின் அறையில் எண்ணெய்க் குழாய் வெடித்துத் தீப்பிடித்து, ஹோஸ் பைப்பும் நுரையும் கைகொடுக்காமல் போனால், அந்த அறையின் கதவுகளையெல்லாம் அடைத்துவிட்டு இந்த வாயுவை உள்ளே திறந்துவிடுவார்கள். தீ மூச்சுவிடக் காற்று இல்லாமல் அடங்கும்.

எவ்வளவு வாயு வேண்டும் என்பதற்கு விதி இருக்கிறது. எஞ்சின் அறையின் கொள்ளளவில் 40 விழுக்காட்டுக்கு வாயு வேண்டும், மேலே புகைபோக்கிப் பகுதியையும் சேர்த்துக் கணக்கிட்டால் 35 விழுக்காடு. இரண்டில் எது அதிகமோ அது. ஒரு கிலோ வாயு விரிந்தால் 0.56 கன மீட்டர் என்பது கணக்கு. 5,000 கன மீட்டர் அறை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 40 விழுக்காடு 2,000 கன மீட்டர். அதற்கு ஏறத்தாழ 3,570 கிலோ வாயு வேண்டும். ஒரு சிலிண்டரில் 45 கிலோ பிடிக்கும் என்றால் 80 சிலிண்டர்கள். வாயுவில் 85 விழுக்காடு இரண்டே நிமிடத்திற்குள் உள்ளே போய்ச் சேர வேண்டும். பெரும்பாலான கப்பல்களில் எஞ்சின் அறைக்கு இது ஒரே தடவைதான். திறந்துவிட்ட பிறகு இன்னொரு முறை என்பது கிடையாது.

சரி, ஆய்வுக்கு எப்படி ஆயத்தமாவது? முதல் வேலை எடை போடுவது.

நம் வீட்டுச் சமையல் எரிவாயு சிலிண்டரை நினைத்துக்கொள்ளுங்கள். 14.2 கிலோ இருக்கிறதா என்று எப்படித் தெரியும்? வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. அதனால்தான் கொண்டுவந்து கொடுப்பவரிடம் "தம்பி, நிறுத்துக் காட்டுப்பா" என்று கேட்கிற உரிமை நமக்கு இருக்கிறது. கேட்கிறவர்கள் எத்தனை பேர் என்பது வேறு கதை. மாதக் கடைசியில் எவ்வளவு மிச்சம் என்று பார்க்க ஈரத்துணியால் சிலிண்டரைத் துடைத்துவிட்டு, ஈரம் எதுவரை காயாமல் நிற்கிறது என்று பார்க்கிற தாய்மார்கள் உண்டு. கப்பலிலும் இதே சிக்கல்தான். உள்ளே வாயு அழுத்தப்பட்டுத் திரவமாக இருக்கிறது. கொஞ்சம் திரவம் இருக்கும்வரை அழுத்தம் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் காட்டும். ஆகவே அழுத்தமானியின் முள்ளைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. சிலிண்டரைக் கழற்றித் தொங்கவிட்டு நிறுக்க வேண்டும், அல்லது ஒலியலைக் கருவியை வெளிப்பக்கம் வைத்து உள்ளே திரவம் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று பார்க்க வேண்டும்.

இந்த ஒலியலைக் கருவியில் நம் ஊர்க்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு சங்கதி உண்டு. கரியமில வாயு 31 டிகிரி வெப்பத்தைத் தாண்டினால் திரவமாக நிற்காது. எவ்வளவு அழுத்தினாலும் நிற்காது. அப்போது மட்டமே இருக்காது. கருவி எதைக் காட்டும்? சித்திரை வெயிலில் சென்னையிலோ தூத்துக்குடியிலோ நிற்கிற கப்பலில் மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு அந்தக் கருவியை வைத்துப் பார்ப்பது வீண்வேலை. விடியற்காலையில், இரும்பு குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். இல்லையென்றால் ஒவ்வொன்றாகத் தூக்கி நிறுக்க வேண்டும். ஒரு சிலிண்டர் இரும்பும் வாயுவும் சேர்த்து நூறு கிலோவைத் தாண்டும். எண்பது சிலிண்டர் என்றால் முதுகு ஒடியும்.

முதுகு ஒடியும் என்பதால்தான் சோதனை வருகிறது. நான் சொல்வது ஆன்மிகச் சோதனை. பட்டியலில் போன தடவை எழுதிய எடை இருக்கிறது. அதையே பார்த்து எழுதிவிட்டால் என்ன? ஒரு கிலோ, அரைக் கிலோ மாற்றி எழுதினால் சர்வேயருக்குத் தெரியவா போகிறது? விதிப்படி, இருக்க வேண்டியதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருந்தால் மறுபடி நிரப்ப வேண்டும். 45 கிலோ சிலிண்டர் 40.5 கிலோவுக்குக் கீழே போய்விட்டால் அது கரைக்குப் போக வேண்டும். செலவு, தாமதம், கம்பெனியின் முகச்சுளிப்பு. எல்லாச் சிலிண்டர்களையும் குறித்த கால இடைவெளியில் சரிபார்க்க வேண்டும் என்று இருக்கிறது. ரப்பர் ஹோஸ்களுக்குப் பத்து ஆண்டுக்கு மேல் ஆயுள் கிடையாது. குழாய்களில் உலர்ந்த காற்றை ஊதி, அடைப்பு இல்லை என்று பார்க்க வேண்டும். வண்ணம் பூசும்போது முனைகளில் வண்ணம் ஏறி அடைத்துக்கொண்டிருக்கும். காற்றுவழியை அடைக்கிற டேம்பர் தகடு உப்புக்காற்றில் துருப்பிடித்து இறுகியிருக்கும். கைப்பிடி திரும்பும், உள்ளே தகடு திரும்பாது. கைப்பிடியைத் திருப்பிக் காட்டினால் போதும் என்று நினைக்கிறவருக்கு ஆய்வு முடிந்துவிடும். உள்ளே எட்டிப் பார்க்கிறவருக்குத்தான் வேலை மிச்சம் இருக்கும்.

மத்தேயு நற்செய்தி 25-ஆம் அதிகாரத்தில் பத்துக் கன்னியர் உவமையை வாசிக்கும்போதெல்லாம், எண்ணெய் கொடுக்காத ஐந்து பேர்மேல் பலருக்கும் ஒரு வருத்தம். "கொஞ்சம் பகிர்ந்திருக்கலாமே சாமி" என்று மறைக்கல்விப் பிள்ளைகள்கூடக் கேட்பார்கள். கப்பல்காரர்கள் அப்படிக் கேட்பதில்லை. நடுக்கடலில் கடை கிடையாது. பக்கத்துக் கப்பலில் போய் இரண்டு சிலிண்டர் கடன் வாங்க முடியாது. கரையில் இருக்கும்போது நிரப்பாத 45 கிலோ, நள்ளிரவில் கதவு தட்டப்படும்போது எங்கிருந்தும் வராது.

2010 நவம்பர் 8. கார்னிவல் ஸ்ப்ளெண்டர் என்ற சுற்றுலாக் கப்பல், பயணிகளும் பணியாளர்களுமாகச் சுமார் 4,500 பேரை ஏற்றிக்கொண்டு அமெரிக்காவின் லாங் பீச் துறைமுகத்திலிருந்து புறப்பட்டு மெக்சிகோ கரையோரம் போய்க்கொண்டிருந்தது. விடியற்காலையில் பின்பக்க எஞ்சின் அறையில் தீ. கரியமில வாயுவைத் திறந்துவிட முயன்றார்கள். வரவில்லை. பணியாளர்கள் வேறு வழிகளில் போராடித் தீயை அடக்கினார்கள். உயிர்ச்சேதம் இல்லை, இறைவனுக்கு நன்றி. மின்சாரமில்லாமல் மிதந்த கப்பலை இழுத்துக்கொண்டு சான் டியேகோ சேர்த்தார்கள். பிறகு அமெரிக்கக் கடலோரக் காவல்படை பார்த்தபோது, குழாய் இணைப்புகளிலும் ஹோஸ்களிலும் பரவலாகக் கசிவு இருந்தது. அதைவிட எனக்குத் திகைப்பாக இருந்தது இன்னொன்று. கப்பலில் வைத்திருந்த கையேடு விவரித்த அமைப்பு ஒன்று, கப்பலில் இருந்த அமைப்பு வேறொன்று. திருப்ப வேண்டிய வால்வை இழுக்கச் சொல்லி எழுதியிருந்தது! புகைக்கு நடுவே கையேட்டைப் பார்த்து இழுத்துக்கொண்டு நிற்கிற மனிதரை நினைத்துப் பாருங்கள். ஆய்வுக்கு முன்னால் யாராவது ஒருவர் அந்தக் கையேட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, வால்வுக்கு எதிரே நின்று, வரி வரியாக வாசித்திருந்தால் போதும்.

இதுவரை சொன்னது வாயு வராமல் போன கதை. வரக் கூடாத நேரத்தில் வந்த கதையும் உண்டு. அது இன்னும் கொடியது.

நம் மாவட்டம் கிணறு வெட்டிப் பிழைத்த மாவட்டம். வெகுநாள் இறைக்காமல் கிடந்த கிணற்றில் தூர் வாற இறங்குமுன், பெரியவர்கள் ஒரு விளக்கைக் கயிற்றில் கட்டி உள்ளே இறக்குவார்கள். விளக்கு அணைந்துபோனால் யாரும் இறங்கக் கூடாது. அந்தக் கிணற்றுக்குள் தேங்கியிருப்பதில் பெரும்பங்கு இதே கரியமில வாயுதான். காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம். பள்ளம் பார்த்து இறங்கித் தங்கும். நிறம் இல்லை, மணம் இல்லை. 1986 ஆகஸ்ட் 21 இரவில் ஆப்பிரிக்காவின் கேமரூன் நாட்டில் நியோஸ் என்ற ஏரியிலிருந்து இந்த வாயு பொங்கிப் பள்ளத்தாக்கில் இறங்கியது. சுமார் 1,700 பேர் இறந்துபோனார்கள். விளக்கை அணைக்கிற அளவுக்கு வாயு இருக்கிற அறையில் மனிதரும் அணைந்துபோவார். அறையில் 17 விழுக்காட்டுக்கு மேல் போனால் ஒரு நிமிடம் போதும் என்கிறார்கள். எஞ்சின் அறையில் நிரப்புவதோ 35, 40 விழுக்காடு.

மும்பை மசகான் கப்பல் கட்டும் தளத்தில் நம் கடற்படைக்காக ஐ.என்.எஸ். கொல்கத்தா என்ற போர்க்கப்பல் உருவாகிக்கொண்டிருந்தது. 2014 மார்ச் 7 அன்று, சோதனைகள் நடந்துகொண்டிருந்தபோது கரியமில வாயு அமைப்பில் கோளாறு ஏற்பட்டு வாயு வெளியேறியது. கமாண்டர் பொறுப்பில் இருந்த ஓர் அதிகாரி உயிரிழந்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் கப்பல் கடற்படையில் சேர்ந்தது, அவர் இல்லாமல். 2019 மே 25 அன்று சீனாவின் ஷான்டோங் மாநிலத் துறைமுகம் ஒன்றில் பழுதுபார்ப்புக்காக நின்ற ஜின் ஹாய் சியாங் என்ற சரக்குக் கப்பலில் இதே வாயு வெளியேறி 10 பேர் இறந்தார்கள். 19 பேர் பாதிக்கப்பட்டார்கள். பிற்பாடு ஐ.என்.எஸ். சக்ரா என்ற பெயரில் இந்தியாவுக்குக் குத்தகைக்கு வந்த ரஷ்ய நீர்மூழ்கி நெர்பாவில், 2008 நவம்பர் 8 அன்று சோதனை ஓட்டத்தின்போது தீயணைப்பு வாயு திறந்துகொண்டது. அது கரியமில வாயு அல்ல, வேறு வகை. 20 பேர் மாண்டார்கள். அவர்களில் 17 பேர் கப்பல்தள ஊழியர்கள், பரிசோதிக்கப் போனவர்கள். இந்த மூன்று இடங்களிலும் தீயே இல்லை. காப்பாற்றுவதற்காக வைத்திருந்ததே கொன்றது.

அதனால்தான் சிலிண்டரில் கை வைக்குமுன் திறப்புக் கருவிகளுக்குப் பாதுகாப்பு ஊசி செருகுவார்கள். சேஃப்டி பின் என்பார்கள். தூண்டிவிடும் சிறு குழாய்களைக் கழற்றி வைப்பார்கள். அறையின் காற்றோட்டத்தைப் போட்டு, தரைமட்டத்தில் தேங்கியது வெளியேற விட்டு, ஆக்சிஜன் அளவைப் பார்த்து, ஒருவர் வாசலில் நிற்க, மற்றவர் உள்ளே போவார். யார் உள்ளே இருக்கிறார் என்று கரும்பலகையில் பெயர் இருக்கும். எஞ்சின் அறையில் அன்று வேறு வேலை பார்க்கிறவர்களுக்கும் முன்கூட்டியே சொல்லியிருப்பார்கள். உள்ளே ஒருவர் மயங்கி விழுந்தால், வாசலில் நிற்கிறவர் பாய்ந்து ஓடக் கூடாது. நம் கிணற்றில் நடப்பது உங்களுக்குத் தெரியும். விழுந்தவரைத் தூக்க அண்ணன் இறங்குகிறார், அண்ணனைத் தூக்க மச்சான் இறங்குகிறார், மாலையில் ஒரே தெருவில் மூன்று சாவு. அது அன்பு இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் மூச்சுக்கருவி மாட்டாமல் இறங்குகிற அன்பு யாரையும் மேலே கொண்டுவருவதில்லை. அலாரம் அடி, கருவியை மாட்டு, பிறகு இறங்கு என்றுதான் கப்பலில் பழக்குகிறார்கள்.

வேலை முடிந்ததும் அந்த ஊசிகளையெல்லாம் எடுத்துவிட வேண்டும். குழாய்களைத் திரும்ப மாட்ட வேண்டும். எத்தனை ஊசி செருகினோமோ அத்தனையும் கைக்கு வந்ததா என்று எண்ண வேண்டும். ஓர் ஊசி உள்ளே தங்கிவிட்டால், எண்பது சிலிண்டரும் நிறைந்திருக்கும், பட்டியல் சரியாக இருக்கும், சான்றிதழ் சுவரில் தொங்கும், ஆனால் தேவைப்படுகிற இரவில் வாயு வராது. செருக மறந்தாலும் சாவு, எடுக்க மறந்தாலும் சாவு. இதைத் தொலைபேசியில் எனக்கு விளக்கிய நம் பகுதித் தம்பி ஒருவர், கப்பலில் மூன்றாம் அதிகாரி, சிரித்துக்கொண்டே சொன்னார்: "சாமி, சர்வேயர் வந்தா ஒரு நாள்தான் பயம். இந்த ஊசியை நெனச்சா தெனமும் பயம்." அவருக்கு நல்ல பயம் வாய்த்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசியாக, அந்த இரவையே எண்ணிப் பார்ப்போம். எஞ்சின் அறையில் தீ பிடித்துவிட்டது. திறப்புப் பெட்டியின் சாவி கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது. கண்ணாடியை உடைத்துப் பெட்டியைத் திறந்தவுடனே எஞ்சின் அறையில் அலாரம் அலறும். வாயு வருமுன் குறைந்தது 20 விநாடி அது ஒலிக்க வேண்டும். உள்ளே இருப்பவர் ஓடிவருவதற்கான அவகாசம். விசிறிகள் நிறுத்தப்படும். எண்ணெய் வால்வுகள் மூடப்படும். டேம்பர்கள் அடைக்கப்படும். கைப்பிடிகள் இரண்டு, ஒன்று குழாய்வழியைத் திறக்க, மற்றொன்று சிலிண்டர்களைத் திறக்க. தவறுதலாக ஒரு கை பட்டால் வாயு போய்விடக் கூடாது என்பதற்காக இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள்.

அந்தக் கைப்பிடியைத் தொடுமுன் மேல்தளத்தில் ஆட்களை வரிசையில் நிறுத்தி எண்ணுகிறார்கள். இருபத்திரண்டு பேர் இருக்க வேண்டும் என்று வையுங்கள். இருபத்தொன்று இருக்கிறது. காலுக்குக் கீழே இரும்புத்தளம் சூடேறிக்கொண்டிருக்கிறது. தாமதிக்கிற ஒவ்வொரு நிமிடமும் தீ பெருக்கிறது, கப்பலே போய்விடலாம், இருபத்தொரு பேரும் போய்விடலாம். இறுதிச் சொல் கேப்டனுடையது. அவர் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். மறுபடி எண்ணுகிறார்கள். லூக்கா நற்செய்தியில் நூறு ஆடு வைத்திருந்தவர் தொண்ணூற்றொன்பதை விட்டுவிட்டு ஒன்றைத் தேடிப் போனதை நாம் பீடத்திலிருந்து எளிதாக வாசித்துவிடுகிறோம். இந்தத் தளத்தில் நிற்கிற மனிதருக்கு அந்த உவமை வாசகமாக இருப்பதில்லை. மூச்சுக்கருவியோடு இரண்டு பேரை உள்ளே அனுப்பலாமா, அனுப்பினால் அவர்கள் திரும்புவார்களா, இன்னும் எத்தனை நிமிடம் தாங்கும் என்று அவர் முடிவெடுக்க வேண்டும். அந்த முடிவு அவரைவிட்டு வாழ்நாள் முழுதும் போகாது. அவரை நாம் கரையிலிருந்து தீர்ப்பிட வேண்டாம். ஆனால் ஒன்று: வழக்கமாக நடக்கிற பயிற்சியில், வெயிலில் நிற்கச் சலித்துக்கொண்டு "எல்லாரும் இருக்கிறார்கள்" என்று எண்ணாமலே சொல்லிப் பழகியவர்களுக்கு, அந்த இரவில் சரியான எண்ணிக்கை கிடைக்காது.

கப்பலில் பிள்ளை வைத்திருக்கும் பெற்றோரே, அவன் அடுத்த முறை கூப்பிடும்போது சாப்பிட்டாயா, சம்பளம் வந்ததா என்று கேட்பீர்கள். கேளுங்கள். கூடவே, "வாயு அறை வேலைன்னா வாசலில் ஆள் நிற்குதாப்பா? பயிற்சியில பேர் சொல்லிக் கூப்பிடுறாங்களா?" என்றும் கேளுங்கள். அம்மாவுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று அவன் திகைப்பான். திகைக்கட்டும்.

கடல் ஞாயிறு திருப்பலியில் கடலோடிகளுக்கான மன்றாட்டு உண்டு. கப்பலிலும் விசைப்படகிலும் இருக்கும் உங்கள் வீட்டுப் பிள்ளைகளின் பெயர்களைச் சனிக்கிழமை மாலைக்குள் உங்கள் பங்கு அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். எந்தக் கப்பல், எந்தக் கடல் என்று தெரிந்தால் அதையும் எழுதுங்கள். தெரியாவிட்டால் பெயர் மட்டும் போதும். பொதுவாக ஒரே வரியில் முடித்துவிடாமல், ஒவ்வொரு பெயரையும் வாசிக்கச் சொல்லி உங்கள் பங்குத்தந்தையிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.